மெஷின் போட்டும் மூச்சு நிற்கிறதா?

வாசகர் கேள்வி: நெஞ்சக நோய் மருத்துவரும் தூக்கப் பரிசோதனை டெக்னீஷியனும் சேர்ந்து சொல்லும் பதில்கள்

தூக்கத்தில் பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று நின்று வருவதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற கணக்குக்குப் பெயர் ஏஹெச்ஐ. 5-க்குள் இருந்தால் இயல்பு. 30-ஐத் தாண்டினால் கடுமை. மூக்கு வழியாகக் காற்றை ஊதி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்துவைக்கும் சிபேப் மெஷின்தான் இதற்கு முதல் சிகிச்சை. வடசென்னையிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் வரி, ‘மெஷின் வாங்கினோம், ஒத்துவரவில்லை.’ ஒத்துவராதது மாஸ்க்கா, அழுத்தமா, மூக்கா, இல்லை நோயே வேறு வகையா? அது தெரியாமல் அடுத்த சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு 51 வயது. டெஸ்ட்டில் ஏஹெச்ஐ 64. ஆட்டோ சிபேப் வாங்கி நாலு மாதம் ஆகிறது. பதினொரு மணிக்குப் போட்டுக்கொண்டு படுப்பவர், இரண்டு மணிக்கு அவருக்கே தெரியாமல் கழற்றிப் போட்டுவிடுகிறார். அப்புறம் பழையபடி குறட்டை, திணறல். ‘இது எனக்கு ஆகாது, வித்துடு’ என்கிறார். வேறு வழி இருக்கிறதா?
வாசகி, காசிமேடு

விற்காதீர்கள் அம்மா. அவருக்குச் சிகிச்சை இன்னும் சரியாக ஆரம்பிக்கவே இல்லை. கனவு வரும் தூக்கம் விடியற்காலையை ஒட்டித்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசை நன்றாகத் தளர்ந்துவிடும். மூச்சு நிற்கும் நேரமும் நீளும், ஆக்சிஜனும் மிகக் கீழே இறங்கும். இரண்டு மணிக்கு மாஸ்க் போய்விட்டால், ஆபத்தான நேரம் முழுக்க அவர் மெஷின் இல்லாமல்தான் தூங்குகிறார்.

மெஷினின் மெமரி கார்டிலோ செல்போன் ஆப்பிலோ நான்கு எண்கள் இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, லீக் எவ்வளவு, மெஷின் போட்ட பிறகும் மிச்சமிருக்கும் ஏஹெச்ஐ எவ்வளவு, 95 சதவீத அழுத்தம் (ஓடிய நேரத்தில் 95 சதவீதம் மெஷின் தாண்டாத அழுத்தம்) எவ்வளவு. ஏழு நாளுக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் லீக் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் மாஸ்க் சரியில்லை என்று மெஷினே காட்டிக்கொடுக்கும். மிச்ச ஏஹெச்ஐ 5-க்குள் இருந்து, மணிக்கணக்கு மட்டும் குறைந்தால், மெஷின் தன் வேலையைச் செய்கிறது, மாஸ்க்தான் தொந்தரவு செய்கிறது என்று அர்த்தம்.

மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டுப் படுப்பதுதான் நிறைய பேர் செய்யும் தப்பு. படுத்தால் கன்னத்துச் சதை நகரும், சீல் விட்டுப்போகும். உள்ளே இருக்கும் மெல்லிய சிலிக்கான் மடிப்பு காற்றில் பலூன் மாதிரி உப்பித்தான் முகத்தோடு ஒட்டுகிறது. பட்டையை இறுக்க இறுக்க அந்த மடிப்பு நசுங்கி லீக் கூடும். மூக்குப் பாலத்தில் புண்ணும் வரும். ஆகவே முதலில் படுக்கச் சொல்லுங்கள். மெஷினை ஓடவிட்டு, எல்லாப் பட்டையையும் தளர்த்துங்கள். மாஸ்க்கை ஒரு விரல் அளவு முகத்திலிருந்து முன்னால் இழுத்து, மடிப்பு உப்பியதும் மெதுவாக வையுங்கள். பிறகு கீழ்ப்பட்டை, மேல்பட்டை என்று காற்று நிற்கும்வரை மட்டும் இழுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும்.

தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமா? தேங்காய் எண்ணெய் பட்டையில் ஊறினால் அது தொய்ந்துவிடும், வழுக்கும். முகத்து எண்ணெய்ப் பிசுக்கு சிலிக்கானைக் கெடுக்கும். இரவில் முகம் கழுவித் துடைத்துவிட்டு மாட்டட்டும். எண்ணெய் காலையில் வைத்துக்கொள்ளட்டும். குஷனைத் தினமும் இளம்சூட்டு நீரில் பேபி ஷாம்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் காயவையுங்கள். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். மீசை அடர்த்தியாக இருந்தால் உதட்டு ஓரத்தில் கத்தரித்துப் பாருங்கள், அல்லது மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் பில்லோ மாஸ்க்குக்கு மாறுங்கள். வாயையும் மூடும் முழு மாஸ்க் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். அது கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளுவதால் சிலருக்குத் தொண்டை இன்னும் அடைக்கும்.

அடுத்து அழுத்தம். அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 4 முதல் 20 வரை (செ.மீ. நீர் அழுத்தக் கணக்கில்) திறந்தே இருக்கும். ஏஹெச்ஐ 64 உள்ளவருக்கு 4 என்பது வெறும் மூச்சு மாதிரி. தொண்டை மூடும், மெஷின் துரத்திக்கொண்டு ஏறும், 13, 14-க்கு வரும்போது மாஸ்க் பிய்த்துக்கொண்டு ஊதும். தூக்கக் கலக்கத்தில் கை தானாகக் கழற்றிவிடும். ஒரு வாரக் கணக்கில் 95 சதவீத அழுத்தம் 12 என்று வந்தால், குறைந்தபட்சத்தை 9 அல்லது 10-க்கு உயர்த்துவது வழக்கம். நோட்டை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் எண்ணை வைக்கச் சொல்லுங்கள். படுத்ததும் காற்றுப் போதாமல் தவிக்கிறார் என்றால் ‘ரேம்ப்’ (அழுத்தம் மெதுவாக ஏறும் வசதி) ஆரம்ப அழுத்தத்தையும் 6, 7-க்கு ஏற்றலாம்.

மூக்கு அடைத்திருந்தால் இதெல்லாம் வீண். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்பிரேக்கள் முழுப் பலன் தர இரண்டு வாரம்கூட ஆகும். உடனே திறக்கும் சொட்டு மருந்தை மூன்று நாளைக்கு மேல் தொடராதீர்கள், நிறுத்தியதும் அடைப்பு இரட்டிப்பாகத் திரும்பும்.

ஒரே ரூம் வீடு. பாயில்தான் படுக்கிறோம். மெஷினை ஸ்டூலில் வைத்தால் நடுராத்திரி மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்து மூச்சு முட்டுகிறது. தண்ணீர்த் தொட்டியில் வெள்ளையாகப் படிகிறது. கேன் தண்ணீர் ஊற்றலாமா?
வாசகர், கொருக்குப்பேட்டை

டியூபுக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிறது. மெஷின் மேலேயும் தலை கீழேயும் இருப்பதால் அது நேராக மூக்குக்கு ஓடிவருகிறது. மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது கட்டிலில் படுப்பவர்களுக்கு எழுதிய விதி. பாயில் படுப்பவர்கள் மெஷினைத் தரையோடு நான்கு விரல் உயரப் பலகையில் வைத்து, டியூபின் நடுப்பகுதியைச் சுவரில் ஆணி அடித்து ஒரு துணிநாடாவால் மேலே தூக்கிக் கட்டுங்கள். பாதி நீர் மெஷின் பக்கம் திரும்பிவிடும். ஆனால், நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஏசி இல்லாத அறையில் ஈரப்பத எண்ணை 1-க்கு இறக்குங்கள், அல்லது ஒரு வாரம் அணைத்தே பாருங்கள். தொண்டை காயவில்லை என்றால் தொட்டியே தேவையில்லை. தொட்டியைக் கழற்றினால் அதற்கான மூடியைப் போட மறக்கவேண்டாம்.

வெள்ளைப் படிவு போர் தண்ணீரின் உப்பு. அரை மூடி வினிகரில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து அரை மணி ஊறவைத்தால் போகும். ஊற்ற வேண்டியது மெடிக்கலில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். பங்க்கில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்பதை ஊற்றாதீர்கள், அது மூச்சில் போவதற்காக அடைத்த தண்ணீர் அல்ல. கிடைக்காத நாளில் கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றலாம். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தரையில் வைத்தால் இன்னொரு தொல்லை, தூசு. லாரிப் புழுதி அடிக்கும் தெருவில் ஃபில்டர் இரண்டு வாரத்திலேயே சாம்பல் நிறமாகும். மாதம் ஒரு தடவை என்ற கணக்கைப் பார்க்காமல், நிறத்தைப் பார்த்து மாற்றுங்கள். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் கூடாது. மெஷின் அந்தப் புகையை இழுத்து நேராக நுரையீரலுக்கு அனுப்பும். கொசுவலை கட்டுங்கள்.

சிபேப் போட்ட நாளிலிருந்து காலையில் வயிறு பானை மாதிரி உப்புகிறது. ஏப்பம், வாயு. அழுத்தம் 15.
வாசகர், தண்டையார்பேட்டை

காற்றை விழுங்குகிறீர்கள். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்துங்கள், தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி அடைப்பு கூடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். மூச்சு விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதி மெஷினில் இருந்தால் 2 அல்லது 3-இல் வையுங்கள். நெஞ்செரிச்சலுக்கு மருந்து எடுங்கள். இத்தனைக்கும் அடங்காவிட்டால் இழுக்கும் மூச்சுக்கு ஒன்று, விடும் மூச்சுக்கு ஒன்று என இரண்டு அழுத்தம் தரும் பைபேப் மெஷினை வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் பாருங்கள்.

டிரெய்லர் ஓட்டுகிறேன், வயது 38, ஏஹெச்ஐ 47. ஹார்பர் ஜீரோ கேட் கியூவில் வண்டியிலேயே தூங்கும் நாட்கள் அதிகம். மெஷின் வீட்டில் மட்டும்தான். போன மாதம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண் சொக்கி மீடியனில் உரசிவிட்டேன்.
வாசகர், திருவொற்றியூர்

தூக்கம் கட்டுக்குள் வரும்வரை ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். பிழைப்பு தெரியாமல் சொல்லவில்லை. நாற்பது டன் வண்டிக்கு மூன்று நொடிக் கண்ணயர்வு போதும். ஓனரிடம் சொல்லி சில வாரம் யார்டு வேலை கேளுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் தூக்கத்தை நிறுத்தாது. வண்டியை ஓரம் கட்டி, ஒரு ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண் மூடுவது கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

மெஷின் போடாத ஒரே இரவில் நோய் திரும்பிவிடும். அதனால் கேபினிலும் மெஷின் வேண்டும். டிரெய்லரில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். உங்கள் மெஷினும் 24 வோல்ட் என்று எழுதியிருந்தால்கூட ஒயரை நேராகக் கொடுக்காதீர்கள். இன்ஜின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது அது 28 வோல்ட்வரை போகும், போர்டு கருகிவிடும். அந்த மாடலுக்கென்று கம்பெனி தரும் டிசி கன்வெர்ட்டர் மட்டும் பயன்படுத்துங்கள். ஈரப்பதத் தொட்டியை அணைத்துவிட்டால் பேட்டரி ஒரு தூக்கத்துக்குத் தாங்கும். பகலில் தூங்கினாலும், அரை மணிக் குட்டித் தூக்கமானாலும் மாஸ்க் இருக்கவேண்டும். படுக்கும் முன் மது கூடவே கூடாது, அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும்.

ஏழு மணி நேரம் மெஷினோடு தூங்கி, மிச்ச ஏஹெச்ஐ 5-க்குள் வந்த பிறகும் கண் சொக்கினால் டிஎஸ்ஹெச் (தைராய்டு), ஃபெரிட்டின் (இரும்புச்சத்து), சர்க்கரை பாருங்கள். தைராய்டு குறைவு மூச்சடைப்பையும் கூட்டும், தூக்கத்தையும் கூட்டும். எல்லாம் சரியாக இருந்தால் காலையில் விழிப்பாக இருக்க உதவும் மோடாஃபினில் மாத்திரை தரலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

அம்மாவுக்கு 59 வயது, 108 கிலோ, உயரம் 152 செ.மீ. சிபேப் 16-இல் ஓடியும் ராத்திரி ஆக்சிஜன் 82-க்கு இறங்குகிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் சும்மா இருக்கிறது. அதையே இரவில் வைத்துவிடலாமா?
வாசகர், வியாசர்பாடி

வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் மிகவும் அஞ்சுவது இதைத்தான். அடைத்த தொண்டையை ஆக்சிஜன் திறக்காது. விரல் மீட்டரில் 94 என்று காட்டி உங்களை நிம்மதிப்படுத்தும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும், மூச்சு நிற்கும் நேரம்கூட நீளலாம்.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ அம்மாவுக்கு 46-ஐத் தாண்டுகிறது. தொண்டை அடைப்போடு, எடையால் மூச்சே ஆழமில்லாமல் போகும் நோயும் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம். ரத்தத்தில் பைகார்பனேட் 27 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது முதல் துப்பு. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏபிஜியில், பகலில் விழித்திருக்கும்போதே கரியமில வாயு 45-க்கு மேல் இருந்தால் சந்தேகம் உறுதியாகும். அப்படியிருந்து சிபேப் போதவில்லை என்றால் அவர்களுக்கு வேண்டியது பைபேப். விடும் மூச்சு அழுத்தம் தொண்டையைத் திறந்துவைக்கும், அதைவிட உயர்ந்த இழுக்கும் மூச்சு அழுத்தம் நெஞ்சை விரித்துவிடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வாயுவை வெளியேற்றுகிறது. அந்த எண்களை வீட்டில் குத்துமதிப்பாக வைக்க முடியாது, இரவு முழுக்கப் படுக்கவைத்துத்தான் வைக்கவேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது, ஓட்டேரியில் அரசு நெஞ்சக மருத்துவமனையும் இருக்கிறது. பழைய ரிப்போர்ட், மெஷின் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பைபேப் போட்ட பிறகும் ஆக்சிஜன் குறைந்தால், மருத்துவர் 1 அல்லது 2 லிட்டரை டியூபில் சேர்க்கச் சொல்லலாம். அப்போது முதலில் மெஷின், பிறகு ஆக்சிஜன். நிறுத்தும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு மெஷின். மாறினால் மெஷினுக்குள் ஆக்சிஜன் தேங்கித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அறையில் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு கூடாது. அம்மா பகலில் எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ ஓபிக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். சிபேப்புக்கு முன் ஏஹெச்ஐ 52. இப்போது அடைப்பு வகை 3-தான், ஆனால் ‘சென்ட்ரல்’ என்று 19 காட்டுகிறது. மெஷின் புதுநோயைக் கொடுத்துவிட்டதா?
வாசகர், பெரம்பூர்

தொண்டை திறந்தே இருக்கிறது, மூச்சு விடு என்ற கட்டளைதான் மூளையிலிருந்து வரவில்லை. மெஷின் ஆரம்பித்த புதிதில் சிலருக்கு இப்படி வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே அடங்கும். லீக்கை அடைத்து, அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் பொறுத்திருங்கள். அதற்குள் இதயத்துக்கு ஒரு எக்கோ எடுங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அவையும் இதைச் செய்யும். அடங்காவிட்டால் மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைச் சரிசெய்யும் ஏஎஸ்வி மெஷின் உண்டு. ஆனால் இதயம் பலவீனப்பட்டு எக்கோவில் இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 45 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது ஆகாது. 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்கு இதயத்தால் வரும் மரணம் கூடியது தெரிந்தது. எக்கோ பார்க்காமல் ஏஎஸ்வி விற்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

44 வயது, ஏஹெச்ஐ 58. இரண்டு வருடத்தில் மூன்று மாஸ்க், பிறகு பைபேப், எதுவும் முடியவில்லை. பல்லில் மாட்டும் கிளிப், ஆபரேஷன், ஊசி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
வாசகர், ராயபுரம்

முயன்று பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். கிளிப் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். மேலும் கீழும் எட்டுப் பத்து உறுதியான பற்களாவது வேண்டும். தாடை முன்னால் வரக்கூடிய தூரத்தில் பாதியில் ஆரம்பித்து, வாரம் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராக நகர்த்தவேண்டும். அவசரப்பட்டால் தாடை மூட்டு வலிக்கும். வெந்நீரில் போட்டு அச்செடுக்கும் ஆன்லைன் கிளிப்பை நம்பாதீர்கள். கடுமையான நோய்க்குக் கிளிப் தனியாகப் போதாமல் போவது சகஜம், ஆனால் அதோடு சிபேப்பும் போட்டால் தேவையான அழுத்தம் குறையும். அழுத்தம் தாங்காமல் விட்டவர்களுக்கு இந்தக் கூட்டு உதவும்.

உங்கள் டெஸ்ட் ரிப்போர்ட்டில் மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். ஒருக்களித்தால் பாதிக்கும் கீழே என்றால், பழைய பனியனின் முதுகில் பை தைத்து ரப்பர் பந்து ஒன்றைப் போட்டுக்கொண்டு படுங்கள். செலவில்லாத துணைச் சிகிச்சை.

ஆபரேஷனுக்கு முன் மயக்க ஊசி கொடுத்துக் குறட்டை விடவைத்து, கேமராவால் தொண்டை எங்கே மூடுகிறது என்று பார்க்கும் டைஸ் பரிசோதனை கேளுங்கள். அது இல்லாமல் உள்நாக்கை வெட்டினால், அடைப்பு நாக்கின் அடியில் இருந்தால், வலிதான் மிச்சம். டான்சில் பெரிதாக இருப்பவர்களுக்கு நல்ல பலன் உண்டு. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னகர்த்தும் ஆபரேஷன் கடுமையான நோயிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் பெரிய ஆபரேஷன், முக அமைப்பு மாறும், உதடு தாடையில் மரத்துப்போதல் இருக்கலாம். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை அமெரிக்கா 2014-இல் அனுமதித்தது. தொண்டை நாலாபக்கமும் வட்டமாகச் சுருங்குபவர்களுக்கு அது பொருந்தாது, அதையும் டைஸ்தான் சொல்லும்.

ஊசி என்பது எடையைக் குறைக்கும் டிர்செபடைட். பருமனோடு கூடிய மூச்சடைப்புக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் 2025 மார்ச்சில் சர்க்கரை நோய்க்கும் பருமனுக்குமாக விற்பனைக்கு வந்தது. மெஷின் போடாதவர்களிடம் நடந்த ஆய்வில், 51-ஐ ஒட்டியிருந்த சராசரி ஏஹெச்ஐ ஓராண்டில் சுமார் 25 குறைந்தது. மிச்சம் இன்னும் 25-ஐ ஒட்டி இருக்கிறது, கவனியுங்கள். எடை கூடியவராக இருந்தால் இது பெரிய உதவி, ஒல்லியானவருக்கு வேலையில்லை. வாரம் 2.5 மில்லிகிராமில் தொடங்கி மருத்துவர் மேற்பார்வையில்தான் ஏற்றவேண்டும். கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

எதைச் செய்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு குறட்டைச் சத்தம் போய், மூச்சு மட்டும் நிற்பது தொடர்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள், நோயாளி அல்ல.

பழைய மெஷின் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா?
வாசகர், மணலி

பிலிப்ஸின் பழைய ட்ரீம்ஸ்டேஷன் என்றால் வேண்டாம். சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சுக்குழாய்க்குப் போகும் அபாயத்தால் 2021 ஜூனில் கம்பெனியே திரும்பப் பெற அறிவித்தது. வெப்பமும் ஈரமும் அந்தப் பஞ்சைச் சீக்கிரம் கெடுக்கும், அதாவது நம் ஊர் மாதிரி இடத்தில். வேறு மாடலானால் ஓடிய மணிக்கணக்கைத் திரையில் பாருங்கள். மாஸ்க், டியூப், ஃபில்டர் மூன்றும் புதிதாக வாங்குங்கள்.

மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் மெஷின் இல்லாமல் அப்பா உட்கார்ந்தே தூங்கினார். என்ன ஏற்பாடு செய்யலாம்?
வாசகி, எண்ணூர்

ஈரப்பதத் தொட்டியும் சூடேற்றும் டியூபும் அணைந்திருந்தால் சிபேப் 30 வாட் அளவில்தான் இழுக்கும், இரண்டும் ஓடினால் 80-ஐத் தாண்டும். 150 ஆம்பியர் ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் 12 வோல்ட் கணக்குக்கு 1800 வாட் ஹவர், நடைமுறையில் ஆயிரம் கிடைக்கும் என்று வையுங்கள். 70 வாட் ஃபேனும் மெஷினும் பத்து மணி நேரம் ஓடும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் அதே லைனில் இருந்தால் கணக்கு போச்சு, மெஷினுக்குத் தனி பிளக் இழுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மலிவான ஸ்கொயர் வேவில் சில அடாப்டர்கள் சூடாகிக் கெட்டுப்போகும். இரண்டாவது இரவுக்காக 300 வாட் ஹவர் லித்தியம் பெட்டி ஒன்று இருந்தால் தொட்டி இல்லாமல் எட்டு மணி நேரம் வரும். புயல் அறிவிப்பு வந்த அன்றே சார்ஜ் போட்டு, மெஷினோடு பரணில் வையுங்கள். வெள்ளநீர் புகுந்த மெஷினைக் காயவைத்து ஓட்டக்கூடாது.

கரண்டே இல்லாத இரவில் அப்பா செய்தது சரிதான். சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்கு அண்டை கொடுத்து அரைச் சாய்விலோ, ஒரு பக்கமாகத் திரும்பித் தூங்கட்டும். தூக்க மாத்திரை, அல்பிரசோலம், அரிப்புக்குத் தரும் தூக்கம் வரும் மாத்திரை எதுவும் அன்றைக்கு வேண்டாம்.